தோசைக்கல் உட்காரும் அடுப்பு

எங்கள் வீட்டுப் பரணில் இன்றைய தேதிக்கு நான்கு அடுப்புகள் இருக்கின்றன. சமையலறை அடுப்பு இந்தக் கணக்கில் இல்லை. கூடாரம் போட்டுத் தங்கும் பயணங்களுக்கென்று நான் வாங்கியவை மூன்று, அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த பித்தளை பம்ப் ஸ்டவ் ஒன்று. ஆரம்பத்திலேயே கொஞ்சம் யோசித்திருந்தால் ஒன்றோடு முடிந்திருக்கும்.

நாங்கள் ஐந்து பேர். நான், மனைவி, பதினொரு வயதுப் பெரியவள், ஆறு வயதுச் சின்னவன், அம்மா. ஊர் சேலம் என்பதால் ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்விடுகிற தூரம். வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை தோட்டக்காரர் யாரிடமாவது கேட்டு, பணம் கொடுத்து, அவர் இடத்தில் கூடாரம் போட்டு இரண்டு நாள் இருந்துவிட்டு வருவோம். வீட்டில் எனக்குப் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: கூடாரத்தில் படுக்கச் சொன்னால் படுக்கிறோம், ஆனால் இரண்டு நாளும் ரொட்டியும் ஜாமும் என்றால் வரமாட்டோம். சின்னவனுக்கு ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. அம்மாவுக்கு இட்லியோ தோசையோ இல்லாமல் காலை விடியாது. ஆக, அடுப்பு வேண்டும்.

முதலில் வாங்கியது உள்ளங்கைக்குள் அடங்குகிற அடுப்பு. கேஸ் டப்பாவின் தலையில் திருகிவிட்டால் மூன்று கால்கள் விரியும், அவ்வளவுதான். மலையேறுகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து மயங்கி வாங்கியது. எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். காரில் போகிறவனுக்கு நூறு கிராம் ஆனால் என்ன, ஐந்து கிலோ ஆனால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

கொல்லிமலைக்குப் போனோம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறி மேலே போய், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு மேட்டில் கூடாரம் போட்டாயிற்று. சாயங்காலம் சாதம் வைக்க வேண்டும். நாங்கள் கொண்டுபோனது ஐந்து லிட்டர் குக்கர். அடுப்பின் மூன்று கால்களுக்கும் நடுவே ஒரு டம்ளரை வைத்தால் சரியாக இருக்கும். அதன்மேல் அரிசியும் தண்ணீருமாக நாலு கிலோவுக்குக் குறையாத குக்கர் ஏறி உட்கார்ந்தது. கீழே மண்தரை, கொஞ்சம் சரிவு வேறு. முதல் விசில் வந்தபோது குக்கர் நடுங்கிய நடுக்கத்தில் மொத்த அமைப்பும் மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. மனைவி கைப்பிடித் துணியோடு குக்கரைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், அப்படியே இருபது நிமிஷம். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

திறந்து பார்த்தால் நடுவில் மட்டும் ஒரு சாஸர் அளவுக்குச் சாதம் கரிந்து ஒட்டியிருந்தது, ஓரத்து அரிசி வேகாமல் விறைத்து நின்றது. மறுநாள் காலை பால் காய்ச்சியபோதும் அதே கதை, பாத்திரத்தின் நட்டநடுவில் பழுப்பாக ஒரு வட்டம், காபியில் அடிப்பிடித்த வாடை. இந்த அடுப்பின் பர்னர் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது. தீ பென்சில் மாதிரி ஒரே இடத்தில் குத்துகிறது. தண்ணீர் சுட வைக்க இது போதும், ஏனென்றால் தண்ணீர் தானே சுழன்று சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். சாதமும் தோசையும் அப்படியில்லை, பால் சுழன்றாலும் அடிப்பிடித்துவிடும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்றையும் அன்றைக்குச் செய்தேன். காற்று அடித்துத் தீ படுத்துக்கொண்டே இருந்ததால், சுற்றிலும் கல் அடுக்கி, இடைவெளியில் அட்டை செருகி, கோட்டை மாதிரி கட்டிவிட்டேன். தீ நன்றாக நின்றது. பத்து நிமிஷம் கழித்து ஏதோ தோன்றிக் கேஸ் டப்பாவைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பைத் தாண்டிச் சூடாக இருந்தது. சாதாரணமாக அது எரிய எரியச் சில்லிட்டுத்தான் போகவேண்டும், உள்ளே திரவம் ஆவியாகும்போது டப்பாவின் சூட்டைத்தானே எடுத்துக்கொள்கிறது. டப்பா சுடுகிறது என்றால் நான் கட்டிய கோட்டை தீயின் அனலை அதன்மேல் திருப்பிவிடுகிறது, உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கையெல்லாம் வேர்த்துவிட்டது. கல்லை எல்லாம் காலால் தள்ளிவிட்டு அடுப்பை அணைத்தேன். டப்பாவின் தலையிலேயே உட்காரும் அடுப்புக்கு முழுச் சுற்றுத் தடுப்பு வைக்கவே கூடாது. காற்று வரும் பக்கம் மட்டும், கொஞ்சம் தள்ளி, ஒரு தடுப்பு வைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சோதனை போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீர், மூடி போட்ட அதே பாத்திரம், டப்பாவை முன்னும் பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது. காற்றில்லாமல் 4 நிமிஷத்துக்குள் கொதித்தது, செலவு 13 கிராம். பிறகு ஸ்டாண்ட் ஃபேனைக் கொண்டுவந்து நடு வேகத்தில் வைத்தேன். 10 நிமிஷம் ஆகியும் ஓரத்தில் குமிழி விடுவதோடு சரி, டப்பாவில் 30 கிராம் குறைந்திருந்தது. பெரியவள் நோட்டில் எழுதிக்கொண்டே, “அப்பா, அப்ப இது அடுப்பு இல்ல, காத்து வாங்குறதுக்கு கேஸ் செலவு பண்ற மெஷின்” என்றாள்.

அடுத்தது பெட்டி மாதிரி இருக்குமே, பக்கவாட்டில் நீளமான கேஸ் டப்பாவைப் படுக்க வைத்துத் தாழ்ப்பாளை அமுக்கினால் வேலை செய்கிற பியூட்டேன் அடுப்பு, அது. உயரம் ஒரு சாண்கூட இல்லை, நாலு மூலையிலும் கால், பர்னர் அகலம், குக்கர் பாறை மாதிரி உட்காருகிறது. மாடிச் சோதனையில் லிட்டருக்கு 5 நிமிஷத்துக்கு மேல், 15 கிராம். முதல் அடுப்பைவிட மெதுவாக இருந்தாலும் ஃபேன் காற்றை அதைவிட நன்றாகத் தாங்கியது. ஏற்காட்டில் இரண்டு நாள் சாம்பார், உப்புமா எல்லாம் அதில்தான். நிம்மதியாக இருந்தோம், இரண்டாம் நாள் காலை அம்மா தோசைக்கல்லை எடுக்கும்வரை.

எங்கள் வீட்டுத் தோசைக்கல் இரும்பு. முப்பது சென்டிமீட்டர் அகலம். அதை எடுத்துக்கொண்டுதான் வருவேன் என்று அம்மா பிடிவாதமாகத் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நாலாவது தோசை கல்லில் இருக்கும்போது டக்கென்று ஒரு சத்தம், தீ அணைந்துவிட்டது. டப்பா காலியோ என்று குலுக்கினால் பாதிக்குமேல் இருக்கிறது. தாழ்ப்பாளை மறுபடி அமுக்கிப் பற்றவைத்தேன், அரை தோசையில் மறுபடி டக். எனக்கு வாய்த்ததே பழுதான அடுப்பு போல என்று கடைக்காரரை மனசுக்குள் திட்டிக்கொண்டே டப்பா இருக்கும் அறையின் மூடியைத் தொட்டேன், விரல் பொறுக்கவில்லை.

அடுப்பின்மேல் குற்றமே இல்லை. கல்லின் ஓரம் பர்னரைத் தாண்டி டப்பா இருக்கும் பக்கம் வரை நீண்டு, கூரை மாதிரி மூடி, அனலைக் கீழே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது. டப்பாவில் அழுத்தம் ஏறினால் தாழ்ப்பாளைத் தானாகத் தள்ளிக் கேஸை நிறுத்திவிடும் ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இந்த வகை அடுப்பில் உண்டு. அதுதான் டக். அதை நான் இரண்டாவது தடவையும் அமுக்கினேன் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் இவ்வளவு அகலத்துக்குமேல் பாத்திரம் வைக்காதே, இரண்டு அடுப்பைச் சேர்த்து வைத்து ஒரே கல்லைப் போடாதே என்றெல்லாம் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். யார் பார்த்தார்கள்?

சரி, சின்னக் கல் ஒன்று வாங்கிவிடலாம் என்றேன். இருபது சென்டிமீட்டர் கல்லில் அம்மா ஊற்றிய முதல் தோசையைப் பார்த்துச் சின்னவன், “பாட்டி, இது பொம்மைக்கா?” என்று கேட்டான். ஐந்து பேருக்கு அந்தக் கல்லில் சுட்டு முடிக்க ஒன்றேகால் மணி நேரம்.

அந்த டிசம்பரில் கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் பக்கம் போனோம். ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம், விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி. என்னிடம் இருந்த வெப்பமானி 4 டிகிரி காட்டியது. காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் தீ அகல் விளக்கு மாதிரி எரிகிறது. இரண்டு நிமிஷத்தில் அதுவும் சுருங்கி நீலமாக ஒரு பொட்டு. விஷயம் ரொம்பச் சின்னது: சுத்த பியூட்டேன் −0.5 டிகிரியில்தான் கொதிக்கும். 4 டிகிரியில் அது ஆவியாகும், ஆனால் டப்பாவிலிருந்து தள்ளிக்கொண்டு வெளியே வர அழுத்தம் போதாது. ஆவியாக ஆவியாக டப்பா இன்னும் சில்லிட்டு, இருந்த கொஞ்சமும் போய்விடும். புரோப்பேன் −42 டிகிரியிலேயே கொதிப்பது, அதனால் அது கலந்த டப்பாவுக்கு இந்தச் சிக்கல் குறைவு. திருகி மாட்டும் டப்பாக்களில் கலவை கிடைக்கிறது. எனக்கு அகப்பட்ட நீள டப்பாக்களில் எல்லாம் வெறும் பியூட்டேன்தான்.

டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் உயிர் வரும் என்று தெரியும். ஆனால் தண்ணீரை வெதுவெதுப்பாக்க அடுப்பு எரியவேண்டுமே. கடைசியில் டப்பாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு கம்பளியோடு இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “என் பம்ப் ஸ்டவ்வுக்குக் குளிரும் தெரியாது, மழையும் தெரியாது. பரண்ல போட்டுப் பூட்டி வச்சிட்டு, கேஸ் டப்பாவுக்கு மார்ச்சூடு குடுத்துட்டு உக்காந்திருக்கான் பாரு” என்றார்.

ஊருக்கு வந்த அன்று இரவே பரணில் ஏறினேன்.

பம்ப் ஸ்டவ் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. பித்தளைத் தொட்டியில் மண்ணெண்ணெய், பக்கவாட்டில் கைப்பம்ப். காற்றடித்தால் எண்ணெய் நடுக்குழாய் வழியாக மேலே ஏறி, ஏற்கெனவே சூடாக்கி வைத்த பர்னர் குழாய்களுக்குள் ஆவியாகி, நிப்பிளின் மயிரிழை ஓட்டை வழியே சீறி வந்து, காற்றோடு கலந்து நீலமாக எரியும். திரி கிடையாது, புகை கிடையாது. 1892-ல் ஸ்வீடனில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ்தான் இதற்கு மூலம். தென்துருவத்துக்கு அமுண்ட்சென் போனபோது கூடப் போனதும் இந்த வகை அடுப்புதான் என்பதால், மன்னவனூர்க் குளிர் இதற்கு ஒரு பொருட்டே அல்ல. பியூட்டேனைத் தள்ளுவது வெயிலும் வெக்கையும், இதைத் தள்ளுவது நம் கை.

எங்கள் ஸ்டவ் முப்பது வருஷமாகத் தொடாமல் கிடந்தது. பித்தளை கறுத்து, தொட்டிக்குள் பழைய எண்ணெய் தேன்பாகு மாதிரி ஒட்டியிருந்தது. கொஞ்சம் புது மண்ணெண்ணெயும் ஒரு கைப்பிடி அரிசியும் போட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கொட்டினேன், மூன்றாவது தடவையில் அரிசி வெள்ளையாக வெளியே வந்தது. பம்ப்பை இழுத்தால் தடையே இல்லாமல் வருகிறது, அதாவது தோல் வாஷர் போய்விட்டது. கழற்றினேன், காய்ந்த சுண்டைக்காய் வற்றல் மாதிரி சுருங்கிக் கையில் உதிர்ந்தது.

கடைவீதியில் ஸ்டவ் சாமான் விற்கிற ஒரே ஒரு பெரியவரைக் கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமை ஆயிற்று. பூட்டுச் சாவி, குக்கர் கேஸ்கெட் எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் நிப்பிள்கள், ஒரு கட்டு ஸ்டவ் பின். பின் என்பது நிப்பிள் ஓட்டையின் அடைப்பை எடுக்கத் தகரப் பட்டையின் நுனியில் நிற்கும் மெல்லிய கம்பி, எங்கள் தலைமுறைக்கு இதைப் பார்த்தாலே மண்ணெண்ணெய் வாசம் வரும். தோல் வாஷரைக் கையில் கொடுத்துவிட்டு, “விளக்கெண்ணெயில ஒரு ராத்திரி ஊறப்போடு தம்பி, அப்புறம் போடு” என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை, தேங்காய் எண்ணெய் இருந்தது, எல்லாம் எண்ணெய்தானே என்று அதில் ஊறப்போட்டேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறிய வாஷர் கிண்ணம் மாதிரி விரியும். விரிந்த வாய் தொட்டியின் உள்பக்கத்தைப் பார்த்து இருக்கவேண்டும், அப்போதுதான் தள்ளும்போது சுவரோடு ஒட்டிக்கொண்டு காற்றைப் பிடிக்கும். நான் முதலில் திருப்பிப் போட்டு நாற்பது தடவை சும்மா அடித்தேன். சரியாகப் போட்டதும் பம்ப் எதிர்த்து நின்றது, ஆனால் கையை எடுத்தால் தண்டு தானாக வெளியே வந்து, பின்னாலேயே எண்ணெயும் கசிந்தது. பம்ப் குழாயின் அடியில் இருக்கிற ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. அதற்குள் மிளகளவு ரப்பர்க் குமிழ் ஒன்று உண்டு, அது கல்லாகியிருந்தது. மறுபடி பெரியவரிடம் போய் அதையும் வாங்கி மாற்றினேன். பர்னர் வந்து குழாயில் உட்காரும் இடத்தில் ஈய வாஷர், அடித்த காற்றை வெளியே விடும் காற்றுத் திருகுக்குப் புது ரப்பர். பிறகு எண்ணெய் இல்லாமல் வெறும் காற்றை அடித்து, சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் பார்க்கிற மாதிரி ஸ்டவ்வைத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன். பர்னர் கழுத்தில் ஊசிமுனைக் குமிழி ஒன்று வந்தது. ஸ்பேனரில் கால் சுற்று இறுக்கியதும் நின்றது. இந்தத் தண்ணீர்ச் சோதனை செய்யாமல் பழைய ஸ்டவ்வில் நெருப்பு வைக்காதீர்கள். அம்மா புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து அதைத் தங்கமாக்கிவிட்டார்.

பற்றவைக்க முன்சூடு வேண்டும், பர்னருக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி எரிக்கவேண்டும். வீட்டில் கொரோனா காலத்துச் சானிடைசர் பாட்டில் இருந்தது, ஆல்கஹால்தானே என்று அதை விட்டேன். நன்றாகவே எரிகிறது. ஆனால் அந்தத் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பற்றவில்லை என்று நினைத்து இன்னொரு சொட்டு விடப்போய் ஆள்காட்டி விரல் முடி பொசுங்கியது. நிழலில் வைத்துப் பற்றவையுங்கள். கிண்ணத்துத் தீ முழுசாகச் சூடேற்றுமுன் அவசரப்பட்டுப் பம்ப் அடித்தால் ஆவிக்குப் பதில் எண்ணெயே பீய்ச்சி, மஞ்சளாக ஓராள் உயரத்துக்குக் கிளம்பும். கிளம்பினால் பதறவேண்டாம், காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் அடங்கிவிடும். தொட்டியில் முக்கால் பங்குக்குமேல் எண்ணெய் வேண்டாம், காற்றுக்கு இடம் வேண்டுமே.

எரிந்தது. அந்த உய்ங் என்ற இரைச்சல் மாடியில் கேட்டதும் பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, “யாரு வீட்ல ஸ்டவ்வு?” என்று கேட்டார். முன்சூடு 3 நிமிஷம், அதற்கப்புறம் லிட்டர் கொதிக்க ஐந்தரை நிமிஷம், எண்ணெய் 20 மில்லி. ஃபேன் காற்றைச் சட்டை செய்யவே இல்லை. தோசைக்கல்? வளையத்தின்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா முகத்தைப் பார்க்கவேண்டுமே.

ஆனால் மனைவி ஒரே வார்த்தையில், “நான் இதுகிட்ட வரமாட்டேன்” என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் சின்ன வயதில் ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி’ என்ற செய்தி பேப்பரில் அடிக்கடி வரும். வெடித்த ஸ்டவ்வெல்லாம் மருமகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் வெடித்த விசித்திரத்தைப் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள், ஸ்டவ்வின் குற்றம் அதில் எவ்வளவு என்பது அவர்களுக்கும் தெரியும். எப்படியோ, அந்த இரைச்சல் அவளுக்குச் சங்கீதம் இல்லை. இன்னொரு சிக்கல் எண்ணெய். ரேஷனில் வரும் நீல மண்ணெண்ணெய் கேஸ் இணைப்பு இருக்கிற எங்களுக்குக் கிடையாது, வெளியில் வெள்ளை எண்ணெய் தேடி அலையவேண்டும். கேனைக் காரின் பின்னால் வைத்தால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் வாசம் கசியும். ஏற்காட்டு வளைவுகளில் சின்னவன் வாந்தி எடுத்ததற்குப் பாதிக் காரணம் அதுதான். எடுத்துப் போகிறவர்கள் மறந்தும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள், குழந்தை தாகத்தில் பாட்டிலுக்குள் என்ன என்று பார்த்துக் குடிக்காது.

இத்தனைக்கும் அப்புறம்தான் எனக்கு உறைத்தது. மூன்று தடவையும் நான் அடுப்பை மட்டும்தான் பார்த்தேன், அதன்மேல் ஏறி உட்காரப்போகிறது எது, முன்னால் நின்று சமைக்கப்போகிறது யார் என்று பார்க்கவில்லை. அதனால் நாலாவதுக்குக் குக்கர், தோசைக்கல், சாம்பார் சட்டி மூன்றையும் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு மனைவியோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். ஒவ்வோர் அடுப்பாகத் தரையில் இறக்கிவைத்து, கல்லை ஏற்றி, ஓரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தோம், சாய்கிறதா என்று. ஏழெட்டு பார்த்த பிறகு மனைவி தேர்ந்தெடுத்தது சாதாரண ஒற்றை பர்னர் ஸ்டீல் அடுப்பு. அகலமான உடம்பு, குட்டையான கால், பெரிய பித்தளை பர்னர், எடுத்துவிட்டுக் கழுவக்கூடிய கனமான தாங்கி. வீட்டு அடுப்பைப் பாதியாக வெட்டின மாதிரி. கூடவே 5 கிலோ சிலிண்டர், அடையாள அட்டையைக் காட்டினால் ஏஜென்சியில் கொடுக்கிறார்கள்.

பஜாரில் இதைவிடச் சின்னதாக, தலையிலேயே பர்னர் வைத்த இரண்டு கிலோ, மூன்று கிலோ குட்டிச் சிலிண்டர்கள் பளபளவென்று தொங்கும். வீட்டு சிலிண்டரிலிருந்து மாற்றி நிரப்பித் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம், அந்த உலோகத்தை யார் சோதித்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. முறையான சிலிண்டரில் கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் எழுத்தும் எண்ணும் போட்டிருக்கும், C-27 என்றால் 2027 ஜூலை–செப்டம்பருக்குள் அடுத்த சோதனை என்று பொருள், A என்றால் ஜனவரி–மார்ச். தேதி தாண்டியதைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ட்யூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, ஒன்றரை மீட்டர். மாட்டிய பிறகு ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது எங்கள் பெரியவளின் வேலை, குமிழி வந்தால் கத்துவாள், இதுவரை கத்தியதில்லை.

காற்றுத் தடுப்புக்குக் காலி எண்ணெய் டின்னை வெட்டி நீட்டி, ஓரத்தை மடித்து, கீல் போட்டு மூன்று மடிப்பாகச் செய்தேன். கீழே இரண்டு விரல் இடைவெளி விட்டிருக்கிறேன், பர்னருக்குக் காற்று வேண்டும். இங்கே மூன்று பக்கமும் மறைக்கலாம், ஏனென்றால் சிலிண்டர் ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கிறது. செய்து முடித்த அன்றே வெட்டு ஓரத்தில் உள்ளங்கையைக் கீறிக்கொண்டேன், மடிக்காத ஒரே மூலை அதுதான்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி வைத்து, முன் இருக்கையின் பின்னால் பட்டையால் கட்டி, மூடி போட்டு, ஜன்னல் கொஞ்சம் திறந்தபடி கொண்டுபோகிறோம். சமைப்பது திறந்தவெளியில் மட்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிந்தால் கூடாரத்தின் தரையிலும் பள்ளத்திலும் போய்த் தேங்கும், அதனால் மேட்டில் வைக்கவேண்டும். மழை என்றாலும் கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் கிடையாது. தீயைவிட, வாசமே இல்லாத கார்பன் மோனாக்சைடு மோசம். ரயிலில் போகிறவர்கள் இதையெல்லாம் நினைக்கவே வேண்டாம். 2023 ஆகஸ்டில் மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில், திருட்டுத்தனமாகக் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். காப்புக்காட்டுக்குள் எந்த நெருப்பும் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் காட்டுத்தீ கொண்டுபோனதை நாம் மறந்திருக்க முடியாது. தனியார் தோட்டமாக இருந்தாலும் இடத்துக்காரரைக் கேட்டு, சருகைக் கூட்டித் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்துவிட்டுத்தான் எங்கள் அடுப்பு பற்றும்.

கணக்கு ரொம்ப எளிது. எங்கள் வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் நாற்பது நாள் வரும், நாளுக்கு 350 கிராம். வெளியே காற்று திருடுவதையும் சேர்த்து 400 என்று வையுங்கள். இரண்டு நாள் பயணத்துக்கு 800 கிராம், ஆக ஒரு 5 கிலோ சிலிண்டரில் ஆறு பயணம். பியூட்டேன் டப்பா என்றால் 220 கிராம் வீதம் பயணத்துக்கு நாலு வாங்கியிருப்பேன். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, சிலிண்டரில் எழுதியிருக்கும் காலி எடையைக் கழித்துக்கொண்டால் போதும், குளியலறைத் தராசில் நான் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, என் எடையையும் கழித்துவிடுகிறேன்.

போன ஜனவரியில் மறுபடி மன்னவனூர். காலை 5 டிகிரி. சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் கலந்த கேஸ் என்பதால், புது அடுப்பு வீட்டில் எரிகிற மாதிரியே எரிந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது. குக்கரை விட்டுவிட்டு வந்தால் பட்டினிதான். இந்தத் தடவை குக்கர் அசையவில்லை, மனைவி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து விசிலை எண்ணிக்கொண்டிருந்தாள். மதியம் தோசைக்கல் ஏறியது, ஓரம் வரை ஒரே சீராக முறுகலாக வந்தது.

அம்மா பித்தளை ஸ்டவ்வையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார், அவர் காபிக்கு மட்டும். விடியலில் அதை எடுத்து வைத்து முன்சூடு கொடுத்துப் பம்ப்பை இழுத்தால் தண்டு அசையவே இல்லை. ஒட்டிக்கொண்டது மாதிரி நிற்கிறது. கழற்றிப் பார்த்தால் வாஷரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உறைந்த தேங்காய் எண்ணெய். 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்று நம் வீட்டுக் குளியலறை அலமாரியில் ஒவ்வொரு மார்கழியும் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. பெரியவர் விளக்கெண்ணெய் என்று சொன்னது இதற்குத்தான் போல. புது அடுப்பில் சுட வைத்த தண்ணீரில் துணியை நனைத்துப் பம்ப்பைச் சுற்றிப் பிடித்து, எண்ணெயை உருகவிட்டு, ஒருவழியாக அடித்துப் பற்றவைத்தேன். ஊருக்கு வந்ததும் வாஷரைச் சுத்தமாகத் துடைத்து விளக்கெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டேன்.

உள்ளங்கை அடுப்பை அலுவலக நண்பனுக்குக் கொடுத்தாயிற்று, அவன் தனியாக மலையேறுகிறவன், அவனுக்கு அது சரி. நேற்று அவன் அதைத் திருப்பிக் கொண்டுவந்தான், “கல்யாணம் நிச்சயமாயிடுச்சு, அந்தப் பெரிய அடுப்பு எந்தக் கடைல வாங்கினீங்க?” என்று கேட்டுக்கொண்டே. அதனால்தான் பரணில் இன்னமும் நான்கு.